மருந்தியலில் ஆழம், பாதுகாப்புக் கடமையில் மேலோட்டம்: ஓர் இணையப் பயிற்சி

இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரியும் நான், நலிந்தோர் பாதுகாப்பையும் அடிப்படை மருந்தியலையும் ஒரே தொகுப்பாகக் கற்பிக்கும் இணையப் பயிற்சியை அண்மையில் முடித்தேன்.

மருந்தியல் பகுதிதான் இதன் பலம். மருந்து உடலில் உறிஞ்சப்பட்டு, பரவி, மாற்றமடைந்து, வெளியேறும் நான்கு கட்டங்களையும் வெறும் வரையறைகளாக நிறுத்திவிடாமல், முதுமையில் கொழுப்பின் விகிதம் கூடுவதால் பதற்றத்தைத் தணிக்கும் டயசெபாம் ஏன் நெடுநேரம் உடலில் தங்குகிறது, சிறுநீரகம் தளரும்போது இதய மருந்தான டிகாக்சின் ஏன் தேங்குகிறது, அதைக் கொடுக்கும் முன் நாடித்துடிப்பை ஏன் எண்ணுகிறோம் என்று காரணத்தோடு விளக்குகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்கு மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேரும்போது இரத்தக்கசிவு அபாயம் உயர்வதைக் காட்டும் பாடத்தை இருமுறை பார்த்தேன்.

பாதுகாப்புப் பகுதியோ ஏமாற்றம் அளித்தது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தையும் துன்புறுத்தலின் வகைகளையும் மனப்பாடத்துக்கு உரியவைபோல் அடுக்கியிருக்கிறார்கள். காரணம் தெரியாத காயத்தைக் கண்டால் எவ்வாறு பதிவு செய்வது, 'யாரிடமும் சொல்லாதே' என்று முதியவர் கேட்டால் ஏன் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. உணவில் மறைத்து மருந்து கொடுப்பது தாமே முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இரண்டு பாடங்களும் சந்திக்கும் அந்த இடத்தையே தவறவிட்டிருப்பது எனக்கு வியப்பளித்தது.

தேர்வில் தவறான விடையை மாற்றி மாற்றி அழுத்தியே சான்றிதழ் பெற்றுவிடலாம்.