அங்கோர் வாட் போகிறவர்கள் கவனத்துக்கு: 'எல்லாம் சேர்த்து' பேக்கேஜ்

கம்போடியா போகத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் மூன்று நாள் கோயில் சுற்று பேசினோம். ஏசி வேன், கைடு, நுழைவுச்சீட்டு, பந்தியாய் ஸ்ரீ கோயில் எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றார். முழுப் பணத்தையும் டாலரில் முன்பே வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் விடியுமுன் வேன் வந்தது. டிக்கெட் நிலையத்தில் நிறுத்திய டிரைவர், இறங்கிப் போய் பாஸ் (அதுதான் நுழைவுச்சீட்டு) வாங்கி வரச் சொன்னார். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டுக் கேட்டால், நுழைவுச்சீட்டு என்று அவர் சொன்னது வண்டி பார்க்கிங்குக்காம்! சூரியோதயத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது யார் நின்று சண்டை போடுவார்கள்? அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். ஆளுக்கு 62 டாலர் மறுபடி கட்டினோம்.

பாஸ் விலையில் ஒளிவுமறைவே கிடையாது. ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 டாலர். 12 வயதுக்குக் கீழே இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மூன்று நாள் பாஸை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். முக்கியமாக, பாஸில் உங்கள் புகைப்படம் இருக்கும். கவுன்டரிலேயே எடுப்பார்கள். பாஸ் விற்கும் அரசு நிறுவனமான அங்கோர் என்டர்பிரைஸ் இணையதளத்தில் வாங்கினால் படத்தை நாம் கொடுக்க வேண்டும். அதனால், உங்கள் படத்தைக் கேட்காமலே "பாஸ் என் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கைடு. அங்கோரில் கைடு வேலை பார்க்க அரசு உரிமம் வேண்டும். எங்களுக்கு வாய்த்தவரிடம் அடையாள அட்டை இல்லை, விஷயமும் இல்லை. அங்கோர் வாட்டின் மேற்குச் சுற்று மண்டபத்தில் குருக்ஷேத்திரப் போர் முழுச் சுவருக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். அதைக் காட்டி, ஏதோ ஒரு ராஜாவின் சண்டை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்! கிழக்குச் சுற்று மண்டபத்தில் பாற்கடல் கடையும் நீண்ட சிற்பத்தின் பக்கம் கூட்டிப்போகவே இல்லை, நாங்களே தேடிப் பிடித்தோம். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. உச்சித் தளமான பாக்கான் மூடியிருக்கிறது என்றும் சொன்னார். பௌத்த விரத நாட்களில் மூடுவது உண்மைதான். ஆனால் அன்று எங்கள் கண்ணெதிரே வரிசை படியேறிக்கொண்டிருந்தது.

பந்தியாய் ஸ்ரீ கோயில் சியெம் ரீப்பிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். அதற்குத் தனிப் பணம் கேட்டார்கள். வேனை விட்டுவிட்டு துக்துக் பிடித்துப் போய்வந்தோம். அந்தச் சிவப்புக் கல் வேலைப்பாட்டை நிதானமாகப் பார்த்தது அந்தப் பயணத்தின் நல்ல பகுதி.

சுற்றுலா போலீசுக்குப் போகிறோம் என்றதும் கைடுக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. பாஸுக்குக் கட்டியது வரவில்லை, ஏனென்றால் ரசீதில் 'அங்கோர் டூர்' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. நீங்கள் பேசும்போது பாஸ், கைடு, எந்தெந்தக் கோயில் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குலேன் மலையும் அங்கோர் பாஸிலேயே அடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.