புளூட்டோ: கேலக்ஸி மையக் காற்றை மேசைக்கணினியில் ஓட்டிப் பார்க்க

கருந்துளையைச் சுற்றும் வட்டிலிருந்து வினாடிக்கு 30,000 கி.மீ. வேகத்தில் கிளம்பும் காற்று, தன் கேலக்ஸியின் வாயுவை எவ்வளவு தூரம் தள்ளும்? காலாப்பட்டிலோ கடலூரிலோ எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இதை எடுப்பவர்களுக்கு, வாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் புளூட்டோ என்ற மென்பொருளைத் தயங்காமல் சொல்லலாம். இத்தாலியின் தூரின் நகரில் ஆந்த்ரேயா மின்யோனே குழு சி மொழியில் எழுதியது, இலவசம். லினக்ஸ், சி கம்பைலர், பைத்தான் போதும். எல்லாக் கோர்களிலும் ஓட, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் எம்.பி.ஐ. நிரல்தொகுப்பு வேண்டும்.

முதலில் கணக்குப் போடுங்கள். வாயு ஓடும் கற்பனைப் பெட்டியைச் சிறு கட்டங்களாகப் பிரித்தால், பக்கத்துக்கு 256 வீதம் முப்பரிமாணத்தில் 1.68 கோடி கட்டங்கள். அடர்த்தி, அழுத்தம், மூன்று திசைவேகங்கள் என்று கட்டத்துக்கு ஐந்து எண்கள்; எண்ணுக்கு 8 பைட் வைத்து முழுத் துல்லியத்தில் சேமிக்கும் ஒரு டபுள் ஃபைலே 671 எம்.பி. பெட்டியின் பக்கம் 1 கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு) என்றால் ஒவ்வொரு காலப்படியும் 40 ஆண்டுக்குள்தான். 10 லட்சம் ஆண்டு ஓட ஏறத்தாழ 26,000 படிகள். 8 கோர் கணினி திணறிவிடும். அச்சுச் சமச்சீர் வைத்து இருபரிமாணத்தில் தொடங்குங்கள்.

திசைவேக அலகு வினாடிக்கு செ.மீ. கணக்கில். வினாடிக்கு 1,000 கி.மீ. என்றால் 10 கோடி என்று கொடுக்க வேண்டும்; பலர் சறுக்குவது இங்கேதான்.

பாதியில் அழுத்தம் மைனஸுக்குப் போய் ரன் நின்றால், பெரும்பாலும் அழுத்தம் சட்டென எகிறும் அதிர்ச்சி முகப்பில், கட்டங்களுக்கிடையே வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் எச்.எல்.எல்.சி. சால்வர் தாங்கவில்லை. அதைவிட மழுக்கமான எச்.எல்.எல். சால்வருக்கு மாறுங்கள், கட்டத்துக்குள் சரிவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை மின்மாட் (MINMOD) ஆக்குங்கள், அதிர்ச்சி இடங்களில் கணக்கை மென்மையாக்கும் ஷாக் ஃப்ளாட்டனிங்கை மல்டிடியில் (MULTID) வையுங்கள். விளிம்புகள் மழுங்கும், ஆனால் ஓடும்.

பெரிய குறை குளிர்தலில் இருக்கிறது. மோதிய காற்று 1,000 கோடி கெல்வினைத் தொடும்; அதை ஒட்டியே 10,000 கெல்வின் வாயு. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் கலந்தால் லட்சம் கெல்வினில் ஒரு பொய் அடுக்கு பிறக்கும். வாயு மிக வேகமாகக் குளிர்வது அந்த வெப்பநிலையில்தான். காற்று ஊதும் சூடான வாயுக் குமிழியின் ஆற்றல் அந்த வழியே ஒழுகிப்போய், ஆற்றலால் ஊத வேண்டிய குமிழி வெறும் உந்தத்தால் நகர்வதுபோல் காட்டும். கட்டங்களை இரட்டித்து மறுபடி ஓட்டுங்கள். குமிழியின் ஆரம் மாறினால் முதல் முடிவை எழுதாதீர்கள். கூடவே வரும் குளிர்தல் அட்டவணையும் வெப்பநிலையை மட்டுமே பார்க்கும், மையத்தின் எக்ஸ்ரே ஒளி அதில் கிடையாது. ஒளி படும் வாயுவின் நிலையைக் கணக்கிடும் கிளவுடி (Cloudy) மென்பொருளில் சொந்த அட்டவணை தயாரித்துக் கொடுப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். விட்ட இடத்திலிருந்து ரீஸ்டார்ட் செய்ய டபுள் ஃபைல் கட்டாயம். துல்லியம் குறைந்த ஃப்ளோட் ஃபைலை மட்டும் சேமித்திருந்தால் முதலிலிருந்துதான். டபுளை அடிக்கடி எழுதவிட்டு, கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். படம் வரைய ஃப்ளோட் போதும், இடமும் பாதிதான்.