கரும்புக்காட்டு டிடி 175: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

இந்த வண்டியை முழுசாகப் பிரித்து, ஒவ்வொரு நட்டாகச் சேர்த்து, ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. மீட்டரில் 4,300 கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. கோர்த்து முடித்த கையோடு எழுதியிருந்தால் பெயின்ட்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

யமஹா டிடி 175, பின்னால் ஒற்றை ஷாக் வந்த பிறகான மாடல். போர் (சிலிண்டரின் உள் அகலம்) 66 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 171 சிசி. என் மாமனார் 1980களின் தொடக்கத்தில் வாங்கி, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டியது. அப்புறம் தகரக் கொட்டகைக்குள் போனது போனதுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கொட்டகைக்குள் இடுப்பளவு சேறு. அதை அள்ளும்போதுதான் வண்டி வெளியே வந்தது. ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அந்த வெள்ளத்தில் உடைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. குடிக்கவே லாரித் தண்ணீர் என்றிருக்கும்போது வண்டியை எங்கே கழுவுவது? சேறு காய்ந்து தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டோம். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம் மாப்பிள்ளை" என்றார் மாமா. நான் கேட்கவில்லை.

நான் கரூர்க்காரன். டர்பனில் ஏசி மெக்கானிக். ஆர்எக்ஸ் 100 சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் டூ-ஸ்ட்ரோக் எல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு என்ற நினைப்பு இருந்தது.

முதல் வாரமே அந்த நினைப்பு கொஞ்சம் இறங்கியது. ஜப்பான் வண்டிகளின் சைடு கவர் ஸ்க்ரூ பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு. நம்மிடம் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராமல் தலையைத் தின்றுவிடும். நான்கு ஸ்க்ரூவின் தலையைத் தின்ற பிறகுதான் ஜேஐஎஸ் முனையும் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கினேன். இதைப் படித்துவிட்டு யாராவது வேலை தொடங்குவதாக இருந்தால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

துருவுக்குக் கரும்பு ஊரின் வைத்தியம்தான், மொலாசஸ். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு. மாட்டுத் தீவனக் கடையில் கேனில் விற்கிறார்கள். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பெரிய டிரம்மில் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்ட், செயின் கார்டு எல்லாவற்றையும் இரண்டு வாரம் ஊறப்போட்டேன். ஆசிட் மாதிரி நல்ல இரும்பைக் கடிக்காது, துருவை மட்டும் கரைத்துக்கொண்டு வரும். நாற்றத்தைச் சொல்ல வேண்டும்: புளித்த பழைய சோறும் சாராயமும் கலந்த வாடை. குரங்குகள் இரண்டு முறை டிரம் மூடியைத் திறந்து பார்த்தன. மனைவி ஒரு முறைதான் திறந்து பார்த்தாள். அலுமினியத்தை மட்டும் உள்ளே போடக் கூடாது. தெரியாமல் விழுந்த ஒரு பிரேக் லீவர் இரண்டு வாரத்தில் கறையான் அரித்த மாதிரி வெளியே வந்தது. இன்னொன்று, இங்கே கடல் காற்று. டிரம்மிலிருந்து எடுத்துக் கழுவிய ஒரு மணி நேரத்தில் திரும்பவும் லேசாகச் செம்பழுப்பு ஏறும். அன்றைக்கே பிரைமர் அடித்த பாகங்கள் மூன்று வருடம் கழித்தும் நன்றாக இருக்கின்றன. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வைத்த செயின் கார்டு மறுபடி துருவாகிவிட்டது.

இன்ஜின் ஜாம். பிளக் ஓட்டை வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் கழித்து மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் பிஸ்டன் இறங்கியது. கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் துருவாக இருந்தது. கிராங்க்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டை) ஒரு பட்டறையில் கொடுத்துப் புது ராடு போட்டு அமுக்கி வாங்கினேன். இரண்டு பக்கத் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓட்டும்போது கால் மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தது. பிரித்து வேறொரு லேத்தில் டயல் வைத்துச் சரி செய்த பிறகுதான் அடங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு.

சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதாவது போர் போட்டு, 66.50 மில்லிமீட்டர் பிஸ்டன். இதில் கார் இன்ஜின் பட்டறைக்காரர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் மாதிரி போர்ட்டுகள் இருக்கும். போர் போட்டதும் அந்த ஜன்னல் ஓரங்கள் பிளேடு மாதிரி கூர்மையாகிவிடும். அதை நைஸாக மழுக்காவிட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். எனக்கு வந்த சிலிண்டரில் விரல் வைத்துப் பார்த்தேன், விரல் வெட்டியது. எமரி பேப்பரும் சின்ன அரமும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானே மழுக்கினேன். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த காலம், ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகும். இந்த வேலைக்குக் கரண்ட் தேவைப்படவில்லை என்பதே ஒரு நிம்மதி.

இனி என் முட்டாள்தனம்.

கோர்த்தாயிற்று. இரண்டாவது கிக்கரில் ஸ்டார்ட். மாமா கொட்டகை வாசலில் நின்று சிரித்தார், எதுவும் பேசவில்லை. ஐடிலிங் மட்டும் ஒரு தினுசாக இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காமல் தொங்கி நிற்கும். கார்புரேட்டர் கோளாறு என்று ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாற்பதாவது கிலோமீட்டரில், கரும்புக்கு நடுவே செம்மண் பாதையில், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டது. புது பிஸ்டனில் நான்கு இடத்தில் கோடு.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அமுக்கப்பட்டு, பிறகுதான் மேலே ஏறும். ஆகவே கீழ்ப்பெட்டி காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். எங்காவது ஊசி முனை ஓட்டை இருந்தால் கூடுதல் காற்று உள்ளே இழுக்கப்படும், கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து பிடிக்கும். கிராங்க் தண்டின் மேக்னெட் பக்கத்து சீல் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒழுகினால் இப்படி. கிளட்ச் பக்கத்து சீல் ஒழுகினால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும். நான் சீல் இரண்டையும் புதுசாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் சோதிக்கவில்லை. தினமும் ஊரார் வீட்டு ஏசிக்கு லீக் டெஸ்ட் பார்த்துக் காசு வாங்குகிறவன், சொந்த இன்ஜினுக்குப் பார்க்கவில்லை.

அதற்குத் தேவையான அழுத்தம் 6 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். என் ஏசி கேஜில் அந்த அளவு முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. மாமாவின் பிபி பார்க்கும் மீட்டர் கண்ணில் பட்டது. அதன் கடைசிக் கோடு 300 மில்லிமீட்டர் பாதரசம். கணக்குப் பார்த்தால் 5.8 பிஎஸ்ஐ. சைக்கிள் டியூபை வெட்டி, தகடு வைத்து, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, பிளக் ஓட்டை வழியாக அந்த ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஏற்றினேன். ஆறு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் சரிந்தது. சோப்புத் தண்ணீர் தடவினால், கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரில், கிளாம்புக்கு அடியில், குமிழி குமிழியாக வருகிறது. நாற்பது வருட ரப்பர். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லாததால் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். "எனக்கு இருநூறு ஏறினாலே டாக்டர் சத்தம் போடுறாரு, நீ முந்நூறு ஏத்துறியே மாப்பிள்ளை" என்றார் மாமா.

புது ரப்பர், புது பிஸ்டன், திரும்பவும் சோதனை. அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட சீஸ் ஆகவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பிபி மீட்டரை மாட்டிப் பார்க்கிறேன்.

2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு பெட்ரோலிலேயே கலந்து ஊற்றிக்கொள் என்று பலர் சொன்னார்கள். நான் வைத்துக்கொண்டேன். குழாய்களை மட்டும் மாற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, முதல் டேங்குக்கு மட்டும் பம்போடு சேர்த்துப் பெட்ரோலிலும் ஆயில் கலந்தேன். இன்றுவரை தொந்தரவில்லை. ஒரு லிட்டர் ஆயில் சுமார் 900 கிலோமீட்டருக்கு வருகிறது.

வருத்தப்பட வைத்தவை இரண்டு. ஒன்று, டேங்குக்குள் ஊற்றும் பூச்சு. வினிகரில் துரு போக்கிய பிறகு, இருக்கட்டுமே என்று அதையும் ஊற்றினேன். பதினான்காவது மாதம் தோல் தோலாக உரிந்து பெட்ரோல் டேப்பை அடைத்தது. உரித்து எடுக்க மூன்று வாரம். சும்மா விட்டு, டேங்கை எப்போதும் நிரப்பி வைத்திருந்தாலே போதுமாயிருந்தது. இரண்டாவது, ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங். இருந்ததிலேயே பெரிய செலவு அதுதான். பளபளவென்றுதான் வந்தது. ஹேண்டில் பேரிங் உட்காரும் இடத்திலும் அடித்துவிட்டார்கள், சுரண்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் வருடம் வெல்டிங் ஓரங்களில் கொப்புளம், உள்ளே துரு. அடுத்த முறை சாதாரண பெயின்ட், பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

6 வோல்ட் ஹெட்லைட்டைப் பற்றி ஒரே வரி: அகல் விளக்கு. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன். தொலைந்த பதிவுப் புத்தகத்துக்கு அலைந்ததில் ஏழு மாதம் போனது, அதைச் சொல்லத் தொடங்கினால் என் பிபி ஏறும்.

போன வருடம் மலையடிவாரத்து அண்டர்பெர்க் ஊர் வரை பிக்கப் வண்டியில் (இங்கே 'பாக்கி' என்பார்கள்) ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து சானி பாஸ் மலைப்பாதையில் ஏறினேன். உச்சி 2,870 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். டர்பனில் கச்சிதமாக ஓடிய ஜெட், பாதி ஏற்றத்திலேயே பெட்ரோல் அதிகமாகி மிஸ்ஸிங் அடித்தது. பிளக் கரி. நின்று, கைவசம் வைத்திருந்த இரண்டு அளவு சின்ன மெயின் ஜெட்டைப் போட்டதும் இழுத்தது. முன்னால் 21 அங்குலச் சக்கரம், சுமார் நூறு கிலோ எடை. உருளைக் கல்லில் பெரிய வண்டிக்காரர்கள் திணறிய திருப்பங்களில் இது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிப்போனது.

இறக்கம்தான் பயம். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிடிப்பு அவ்வளவாகக் கிடையாது, டிரம் பிரேக் சூடேறிக் கை தளர்கிறது. ஆக்சிலேட்டரை மூடியே வைத்து நீண்ட தூரம் இறங்கினால் பம்ப் தள்ளும் ஆயிலும் குறைந்துபோகும். அதனால் நூறு அடிக்கு ஒரு தரம் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டே வந்தேன். பின்னால் வந்தவர்கள் நான் ஏதோ கொண்டாட்டத்தில் இருக்கிறேன் என்று கையசைத்தார்கள்.

டர்பன் வந்ததும் ஜெட்டைத் திரும்ப மாற்ற மறக்கக் கூடாது. சின்ன ஜெட்டோடு கடற்கரையில் ஓட்டினால் கலவை மெலிந்து திரும்பவும் சீஸ்தான். சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது.

இப்போது முன் ஃபோர்க்கின் இடது சீல் கசிகிறது, புதுசு வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு டிஜிட்டல் பிபி மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. அது காட்டுவதை அவர் நம்புவதில்லை. மாதம் ஒரு தரம் பழையதைக் கராஜிலிருந்து எடுத்துப் போவார், பார்த்துவிட்டுத் துணியால் துடைத்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பார்.