மகளின் அறைக்கு வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பான்: ஒரு தில்லிக் குளிர்காலத்துக்குப் பின்

2024 நவம்பர் 18 அன்று, காற்று மாசு காரணமாக, 10, 12ஆம் வகுப்புகள் நீங்கலாகத் தில்லிப் பள்ளிகள் இணையவழிக்கு மாறிய வாரத்தில், ஆஸ்துமா உள்ள எங்கள் ஏழு வயது மகளுக்காக மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய சுத்திகரிப்பான் ஒன்றை வாங்கினோம். கதவு, சன்னல்களை மூடி வைத்தால், கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டி நிற்கும் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவு ஒரு மணி நேரத்தில் 30-க்கு அருகே இறங்குகிறது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரிக்கு வகுத்துள்ள 15 மைக்ரோகிராம் வரம்பை அது ஒருமுறையும் எட்டவில்லை. இரவு இருமல் தணிந்து, பள்ளி திறந்த பின் அவள் எடுத்த விடுப்பு முந்தைய குளிர்காலத்தைவிடக் குறைந்தது. அந்த ஒன்றுக்காகவே இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ஓராண்டு உழைக்கும் என்று கடையில் சொன்ன வடிகட்டியோ நான்கே மாதங்களில் கறுத்துவிட்டது. வாங்குவோர் அறையின் பரப்பளவோடு, மாற்று வடிகட்டியின் விலையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.