ஹெர்னியா ஆபரேஷன்: ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா?

இடுப்பு மடிப்புல இருமுனா புடைச்சுக்கிட்டு வந்து, படுத்தா உள்ள போயிடுற வீக்கம்னா பெரும்பாலும் ஹெர்னியாதான் (குடலிறக்கம், அதாவது வயித்துத் தசை பலவீனமான இடம் வழியா குடல் மாதிரி உள்ள இருக்கறது பிதுங்கி வர்றது), டாக்டர் கைய வெச்சு இரும சொல்லிப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு, சந்தேகம் இருந்தா மட்டும் ஸ்கேன்.

ஓப்பன்ல இடுப்பு மடிப்புல ஒரே கீறல், பலவீனமான இடத்துக்கு மேல மெஷ், அதாவது ஒரு வலை மாதிரி துண்டு, வெச்சு தைக்கிறாங்க. இதோட பெரிய பலம் என்னன்னா அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வெச்சே பண்ணலாம், அதனால வயசானவங்க, இதயம் நுரையீரல் பிரச்சனை இருக்கவங்களுக்கு நான் இததான் சொல்லுவேன். ப்ராஸ்டேட் சுரப்பிய எடுத்தவங்களுக்கும் இதுதான் ஈஸி, ஏன்னா உள்பக்கம் தழும்பு ஒட்டியிருக்கும்.

லேப்ராஸ்கோப்பில மூணு சின்ன ஓட்டை வழியா கேமராவும் கருவியும் விட்டுப் பண்ணுறாங்க, மெஷ் தசைக்குப் பின்னாடி போகுது, ஆனா பொதுவா முழு மயக்கம் வேணும். வலி கம்மி, வேலைக்கு சீக்கிரம் திரும்பலாம், நாள்பட்ட வலியும் மரத்துப்போறதும் குறைவு. ரெண்டு பக்கமும் இருந்தா அதே ஓட்டை வழியாவே முடிச்சிரலாம். முன்னாடி ஓப்பன் பண்ணி திரும்ப வந்திருந்தாலும் இதுதான் நல்லது, பழைய தழும்ப நோண்ட வேண்டாம். பெண்களுக்கும் இததான் முதல்ல யோசிக்கணும், தொடைப் பக்க ஹெர்னியா ஒளிஞ்சிருந்தாலும் உள்ள இருந்து தெரிஞ்சிரும்.

திரும்ப வர்ற சான்ஸ், கை பழகின சர்ஜன்கிட்ட ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால அவர் எத்தனை பண்ணியிருக்காருன்னு தயங்காம கேளுங்க. ஆனா வீக்கம் கல்லு மாதிரி ஆகி, உள்ள போகாம, வலியும் வாந்தியும் வந்தா எது பெட்டர்னு யோசிக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.