சிராக்யூஸா, தெற்கு கலிஃபோர்னியாவா?

அமெரிக்கப் படையிலிருந்து விலகி, சிராக்யூஸில் பொது நிர்வாக முதுகலையா, தெற்கு கலிஃபோர்னியாவில் சமூகப் பணி முதுகலையா என்று யோசிப்பவர் முதலில் எண்ண வேண்டியது மாதங்களை. படைவீரர்களின் படிப்புச் செலவை ஏற்கும் அரசுத் திட்டமான 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் தருவது மொத்தம் 36 மாதங்கள். இளங்கலைக்கே அதில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

கையில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் சிராக்யூஸ் பல்கலையின் மேக்ஸ்வெல் பள்ளி தோதானது. பொது நிர்வாக முதுகலையைச் சுமார் ஓராண்டில் முடித்துவிடலாம். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமென்றே 2011 முதல் ஒரு நிறுவனம் அந்த வளாகத்தில் இயங்குகிறது. பனிக்காலம் மட்டும் கொஞ்சம் கொடுமை!

தெற்கு கலிஃபோர்னியா பல்கலையின் சமூகப் பணிப் படிப்பு இதைவிட நீளம். களப்பயிற்சி மட்டுமே குறைந்தது 900 மணி நேரம். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற எந்தச் சமூகப் பணி முதுகலைக்கும் இதுதான் விதி. ஆனால் சக வீரர்களை எதிரே உட்கார வைத்து மனநல ஆலோசனை தர ஆசைப்பட்டால் இந்த வழிதான் சரி. அதற்குத் தேவையான மருத்துவச் (கிளினிக்கல்) சமூகப் பணி உரிமம் பொது நிர்வாகப் பட்டத்துக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் சமூகப் பணியாளர்களை மிக அதிகமாக வேலைக்கு எடுப்பதும் படைவீரர் நலத்துறையே.

தெற்கு கலிஃபோர்னியாவில் இதை இணையவழியிலும் படிக்கலாம். அதில்தான் ஒரு சிக்கல். முழுக்க இணையத்தில் படித்தால் வாடகைக்காக ஜி.ஐ. பில் தரும் வீட்டுப்படி தேசிய சராசரியில் பாதிதான். ஒரே ஒரு பாடத்தையாவது வகுப்பறையில் எடுத்தால் கல்லூரி இருக்கும் ஊரின் கணக்கில் வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் வாடகைக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இரண்டும் தனியார் பல்கலைகள். ஜி.ஐ. பில் உச்சவரம்புக்கு மேல் வரும் கட்டணத்தில், பல்கலையும் அரசும் பங்கிட்டு உதவும் மஞ்சள் ரிப்பன் திட்டம் எவ்வளவு ஏற்கும் என்பதை, நீங்கள் சேரும் படிப்பின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.