பின் பிரேக் கத்தினால்: புது ஷூவா, கழற்றிச் சுத்தம் செய்வதா?

பின் சக்கரம் கீச்சிடுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “சார், ஷூ செட்டா மாத்திடலாம்.” (ஷூ என்பது, சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற இரும்பு மூடியின் உட்புறத்தை அழுத்தி வண்டியை நிறுத்தும் வளைந்த துண்டு.) என் சின்ன காருக்கும் அதையே சொன்னார்கள். நான் மாற்றவில்லை. காட்பாடியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் டிரம்மைக் கழற்றச் சொல்லி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து ஓட்டுகிறேன். சத்தம் நின்றுவிட்டது. அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் கத்தி, நாலைந்து முறை பிரேக் போட்டதும் அடங்கினால் அது துரு, விட்டுவிடலாம். ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் போகும்போது, பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுங்கள். அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். சத்தம் மாறினால் கோளாறு பின் பிரேக்கில். பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி, வேகத்தோடு கூடும் இரைச்சல் என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

புது ஷூ எப்போது கட்டாயம்? லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) தேய்ந்து மேனுவலில் சொன்ன அளவுக்கு வந்துவிட்டால், வெடித்திருந்தால், பிரேக் ஆயில் ஊறியிருந்தால். ஆயில் ஊறியிருந்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம், அதை முதலில் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புது ஷூவும் வீண். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இதில் வாதம் ஒன்றுமில்லை.

ஆனால் பிரேக் போடும்போது பெரும்பாரம் முன் சக்கரத்தில் விழுவதால் பின் ஷூ மெதுவாகத்தான் தேயும். கத்த ஆரம்பிக்கும் நேரத்தில் பல வண்டிகளில் லைனிங் இன்னும் நன்றாகவே இருக்கும். என் வண்டியிலும் அப்படித்தான். டிரம்மை எடுத்ததும் பழுப்புப் பொடி கொட்டியது. அதைத் துடைத்த பிறகு, ஷூக்களைத் தாங்கும் பின் தகடான பேக் பிளேட்டைப் பார்த்தேன். ஷூவின் விளிம்பு உட்கார்ந்து நகரும் மேடுகள் அதில் இருக்கின்றன. பெயின்ட் போய், பளபளவென்று தேய்ந்து, நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுகிறது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஷூ அந்த வறண்ட இரும்பின் மேல்தான் உரசிக்கொண்டு நகர்கிறது.

எனக்கு முடிவு சொன்னது இந்த மேடுதான். ஷூவை மட்டும் மாற்றினால் பேக் பிளேட் அப்படியேதான் இருக்கும். அங்கே கிரீஸ் தொடாமல் மூடினால் சத்தம் திரும்பி வர எல்லா வாய்ப்பும் உண்டு. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பாலாற்று ஓரப் புழுதியும் கல் குவாரித் தூசியும் தாராளம். டிரம் மூடிய பாத்திரம், உள்ளே சேர்ந்த பொடிக்கு வெளியேற வழியில்லை. ஆகவே பழைய ஷூவோ புது ஷூவோ, கோடை முடிந்து மழைக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். எப்படியும் செய்யப்போகிற வேலையை முதலில் செய்து பார்ப்பதுதான் நியாயம்.

செய்யும்போது முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரம் வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் அடிக்க வேண்டாம். பல மாருதி டிரம்களில் அதற்கென்றே இரண்டு மரை ஓட்டைகள் உண்டு, 8 மி.மீ. போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி முறுக்கினால் தானாக வெளியே வரும். பொடியை கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், எந்தப் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடையுங்கள். கண்ணாடி போல் மின்னும் லைனிங்கை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம். கிரீஸ் பிரேக்குக்கென்றே உள்ள, சூடு தாங்கும் ரகமாக இருக்கட்டும். மேட்டுக்கு ஒரு பூச்சு போதும். சாதா கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காது.

டிரம்மில் ஆழமான கோடு இருந்தால் மட்டும் லேத் பட்டறைக்குப் போங்கள். அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். கடைந்தால் அதைத் தாண்டும் என்றால் டிரம்மையே மாற்ற வேண்டியதுதான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜவ்வாது மலையிலும் முழு லோடோடு அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு நான் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டில் லைனிங் கருகி இறுகியிருந்தால் உப்புத்தாள் போதாது, புது ஷூவே மேல். பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டியில் எனக்குக் கையனுபவம் குறைவு. அங்கே ஷூவுக்குப் பதில் இருக்கும் பேட் தேய்ந்ததும், பல வண்டிகளில் எச்சரிக்கத் தகடு ஒன்று உரசிக் கத்தும். அந்தக் கத்தலுக்குச் சுத்தம் செய்வது மருந்தல்ல.

எதைச் செய்தாலும், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் அட்ஜஸ்டரைச் சரிபார்த்து, வண்டியை எடுக்கும் முன் பெடலைச் சில முறை மிதித்துப் பாருங்கள். கால் கீழே வரை இறங்கினால் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.